போத்தலுக்குள் இருந்த புடையன்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தரம் கேட்டுவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றியும் விடுதிச் சோற்றைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது விலங்கியல் ஆய்வுகூடத்தின் மூலை அலுமாரிதான். அதன் இரண்டாம் தட்டில், போமலினில் ஊறி வெளிறிய கண்ணாடிப் புடையன் ஒன்று பெரிய போத்தலுக்குள் சுருண்டு கிடந்தது. வயிறு பிளந்திருக்கும். உள்ளே குட்டிகள் தெரியும்.

புடையன் குட்டி தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் பிறக்கும் என்பது கடைசி வாங்கில் இருந்த எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அந்தப் போத்தலே சாட்சி. விலங்கியல் சேர் சிரித்தார். "கீறினது நான்தான்ரா, பிளேட்டால." முட்டை தாயின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, குட்டி மெல்லிய சவ்வுப் பையோடு முறையான வழியால் வெளியே வரும், தாய்க்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினார். நாங்கள் நம்பவில்லை.

பிறகு பாம்பின் எதிரிகளைக் கேட்டார். கீரி, மயில், பருந்து என்று முன்வாங்குகள் ஒப்புவித்தன. நான் எழும்பி, "கீரி இல்லாத நாட்டில என்ன சேர் நடக்கும்?" என்றேன். அறிவுத் தாகமெல்லாம் இல்லை, மணி அடிக்கும்வரை நேரத்தைப் போக்கத்தான். "நீ அங்க போய்ப் பாத்து எழுதி அனுப்படா" என்றார்.

வந்தது கீரி இல்லாத நாட்டுக்குத்தான். ரொறன்ரோவில் இருந்து மூன்று மணித்தியாலம் வடக்கே ஓடினால், ஜோர்ஜியன் குடாக் கரையில் கில்பேர் பூங்கா. பேரப்பிள்ளைகளின் ஆக்கினை தாங்காமல் போன கோடையில் ஒரு கிழமைக்குக் கூடாரம் போட்டோம். முதல் நாள் மத்தியானம், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் சில்வண்டு போல ஒரு சத்தம். மச்சான் குனிந்து பார்த்துவிட்டுத் தடியைத் தேடினார். மனிசி பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றினாள்.

அது மசசோகா. ஒன்ராறியோவில் மிஞ்சியிருக்கும் ஒரே நச்சுப் பாம்பு, கிலுகிலுப்பைப் பாம்பு வகை. மிசிசாகாவில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் நகரத்தின் பெயரும் இந்தப் பாம்பின் பெயரும் ஒரே வேர்தான். பெரிய ஆற்றின் வாய் என்று ஒஜிப்வே என்ற பூர்வகுடி மொழியில் பொருள்.

தடி எடுத்தால் குற்றம், சட்டம் பாதுகாக்கும் பாம்பு இது. பூங்காப் பெண் ஊழியர் நீண்ட கொக்கியும் மூடியுள்ள வாளியும் கொண்டுவந்து, பூனைக்குட்டியைத் தூக்குவது போலத் தூக்கினார். தூரத்தில் விடுவீர்களா என்று கேட்டேன். இல்லையாம், கிட்டத்தான் விட வேண்டுமாம். தூரக் கொண்டுபோனால் பனிக்காலத்துக்கு ஒதுங்கும் தன் பொந்தைக் கண்டுபிடிக்க முடியாமல் செத்துவிடும். வருடத்தில் பாதி, ஒக்டோபரில் இருந்து ஏப்ரல் மட்டும், நிலம் உறையாத ஆழத்தில் ஈரப் பொந்துக்குள் அசையாமல் கிடக்கிற சீவன்.

அது சினைப்பாம்பு என்றும் சொன்னார். இவை கோடைக் கடைசியில் இணையும், பெண் பாம்பு விந்தைப் பனிக்காலம் முழுதும் உடம்புக்குள் காத்துவைத்திருக்கும், கரு வசந்தத்தில்தான் உண்டாகும். பிறகு அநேகமாகத் தீன் தின்னாமல் கற்பாறையில் வெயில் காய்ந்துகொண்டே இருக்கும். வெயில்தான் குட்டிகளை வளர்க்கிறது. ஒரு ஈற்றில் 8 முதல் 20 குட்டிகள் வரை. அடுத்த ஈற்றுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு தாய் கார்ச் சில்லில் நசிந்தால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் பூங்காத் தெருவுக்குக் கீழே பாம்புகளுக்கென்றே சுரங்க வழி வைத்திருக்கிறார்கள்.

சரி, சேர் தந்த வீட்டுவேலைக்கு வருகிறேன். கீரியின் வேலையை இங்கே பருந்து, நரி, ராக்கூன், நாரை எல்லாம் பங்குபோட்டுச் செய்கின்றன. கூடுதலாகப் போவது குட்டிகள்தான். ஆனால் அசல் ஆள் இருப்பது தெற்கே, அமெரிக்காவில். ராஜப்பாம்பு என்று ஒன்று. அதற்கு விஷமே இல்லை, கிலுகிலுப்பையின் விஷம் அதன் இரத்தத்தில் பெரிதாக எடுபடுவதும் இல்லை. சுற்றி இறுக்கித் தலையில் இருந்து விழுங்கும். மனிதனைக் கண்டால் வாலை ஆட்டிச் சீறுகிற கிலுகிலுப்பை, ராஜப்பாம்பின் மணம் பட்டால் கொத்தப் போவதில்லை. தலையை நிலத்தோடு ஒட்டி ஒளித்துவிட்டு, நடு உடம்பை வளைவாகத் தூக்கி அதனாலேயே அடிக்கும். பல்லு உதவாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதை வாசித்த இரவு எனக்குச் சேரின் ஞாபகம்தான்.

மூன்றாம் நாள், நடைபாதையில் இருந்து தள்ளி, கயிறு கட்டி மறித்த பாறையில் அதைக் கண்டோம். அதுதானோ வேறொன்றோ, நான் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். சுற்றிப் பென்சில் மொத்தத்தில் குட்டிகள், வால் நுனி மஞ்சள். வயிறு கிழியாத தாய் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குட்டிக்குப் பிறக்கும்போது வாலில் ஒற்றைப் பொத்தான்தான், சத்தம் வராது. தோல் கழற்றக் கழற்ற ஒவ்வொரு வளையம் சேரும், இரண்டு வளையம் உரசினால்தான் கிலுக்கம். வளையத்தை எண்ணி வயது சொல்வது சரிவராது, வருடத்துக்கு ஒரு தரத்துக்கு மேலும் தோல் கழரும், நுனி உடைந்தும் போகும். முதல் தோல் கழரும்வரை, ஒரு கிழமை அளவில், குட்டிகள் தாயோடு இருக்கும். அதன் பிறகு அவரவர் பாடு. முதல் பனிக்காலத்தைத் தாண்டாதவை நிறைய.

வெளிக்கிடுகிற அன்று காலையில் போய்ப் பார்த்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பாறையில் ஒருவரும் இல்லை. வெடிப்பு ஓரமாக, வெங்காயத் தோல் மாதிரி, சின்னச் சின்னச் சட்டைகள் காற்றில் ஆடின.

"போத்தலுக்குள்ள போட்டுக் கொண்டு போவமா, அம்மப்பா?" என்று சின்னவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

பூங்காவில் இருந்து கல்லுக்கூட எடுக்கக் கூடாது. படம் மட்டும் எடுத்தோம். மகளின் கைபேசியில் இருக்கிறது.