நாக்பூர் நடைமேடையில் ஒரு வைஃபை

சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி போகிறவர்களுக்குத் தெரியும், நாக்பூரைத் தாண்டி சாத்பூரா மலைக்குள் வண்டி நுழைந்ததும் போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இடார்சி வரை ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் இந்த முறை பெரிய நிலையங்களில் கிடைக்கும் இலவச வைஃபையை நம்பியே கிளம்பினேன்.

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய வசதி இது. பிறகு கூகுள் விலகிக்கொண்டது, ரயில்டெல் விடவில்லை. இன்று 6,000-க்கும் அதிகமான நிலையங்களில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இலவசம், வேகம் நொடிக்கு 1 மெகாபிட். கணக்குப் போட்டால் அந்த அரை மணியில் 225 எம்.பி. வரை இறக்கலாம். சினிமாவுக்குப் போதாது. ஆனால் போய் இறங்கும் ஊரின் வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளவும், அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கவும் தாராளம்.

எதிர் சீட்டில் ஓர் அம்மா, ஜான்சியில் ராணுவ வேலையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர். டேட்டா தீர்ந்துவிட்டது. நாக்பூரில் இறங்கியதும் போனை நீட்டினார். "தம்பி, பேத்தி படம் அனுப்பியிருக்கான். சுத்திக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்களேன்."

வைஃபை பட்டியலில் ரயில்வயர் என்று இருந்தது, ரயில்டெல்லின் வைஃபைக்கு அதுதான் பெயர். தொட்டேன், இணைந்தது, ஆனால் உள்நுழையும் பக்கம் வரவில்லை. இது வழக்கம்தான். வைஃபையில் இணையம் இல்லை என்று நினைத்து போன் மொபைல் டேட்டாவுக்கே தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு பிரவுசரைத் திறந்தால் பெரும்பாலும் பக்கம் வந்துவிடும். வி.பி.என். போட்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஃபிளைட் மோடு மட்டும் கூடாது, ஓ.டி.பி. குறுஞ்செய்தியாகத்தான் வரும், அதற்கு டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டும். எண்ணைப் போட்டதும் ஓ.டி.பி. வந்தது. அப்புறம் படம் மெல்லத் திறந்தது: ரெட்டைச் சடை, புது யூனிஃபார்ம், முதுகை விடப் பெரிய பை. "பாருங்க, பாருங்க" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். மகனுக்கு கோச் நம்பரைக் குரல் பதிவாக அனுப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லிவைத்தேன். 'ஃப்ரீ வைஃபை' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம், அதனால் தெரியாத பெயரைத் தொட வேண்டாம். பொது வைஃபையில் பேங்க் வேலையும் வேண்டாம்.

இந்த வசதியின் அருமை கேரளத்தில் தெரிந்தது. எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கிய ஒருவர், அங்கிருந்த வைஃபையில் பாடங்களைக் காதில் கேட்டுக்கொண்டே வேலை பார்த்து, 2018-இல் கேரள அரசுப் பணி எழுத்துத் தேர்வில் தேறினார். பெட்டி சுமக்கும்போதும் பாடம் கேட்டிருக்கிறார்! அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

அதனாலேயே ஒரு குறை உறுத்துகிறது. எங்கள் பெட்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். இந்திய எண் இல்லை, ஓ.டி.பி. வர வழியில்லை. "அண்ணை, டெல்லியில ஹோட்டல்காரருக்கு ஒரு மெசேஜ் போடோணும்" என்றார் கணவர். என் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தேன். சில விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தாலே வைஃபைக்கான குறியீடு கிடைக்கிறது. ரயிலில் முன்பதிவு செய்த எல்லோரிடமும் பி.என்.ஆர். எண் இருக்கிறது, பயணியின் பெயரும் அதில் பதிவாகியிருக்கிறது. பெரிய ஜங்ஷன்களிலாவது அதை வைத்து உள்ளே விடலாமே.