வேலியோரப் பள்ளிக்கூடம்

மனைவிக்குச் செவிலியர் பணி கிடைத்ததால் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடியேறினோம். மழையையும் மாட்டையும் தாண்டி ஊராரிடம் பேச எனக்கு வழி திறந்தது, அவர்களுடைய பாட்டன் காலத்து வேலியோரப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான்.

கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாதென்று 1695இல் சட்டம் வந்தபோது, வாத்தியார்கள் புதர்வேலிகளின் மறைவில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். அந்நியர் வருகிறாரா என்று பார்க்க ஒரு பையன் காவல் நிற்பானாம். கிழவர்கள் விரும்பிச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். ஆனால் 1782இல் சட்டம் தளர்ந்த பின், இப்பள்ளிகளில் பெரும்பாலானவை மண்குடிசையிலோ களஞ்சியத்திலோ நடந்தன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1824இல் கணக்கெடுத்தபோது சுமார் நான்கு லட்சம் பிள்ளைகள் இவற்றில்தான் படித்தார்கள் என்பது, காவல் நின்ற பையனைவிட எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஏழைக் குடியானவர்கள் கைக்காசு கொடுத்து எழுத்தும் கணக்கும், சில இடங்களில் இலத்தீனும்கூட, படிக்கவைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் அடுப்புக்காகச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியொன்றைக் கக்கத்தில் இடுக்கி வரவேண்டும். வாத்தியாருக்குச் சாப்பாடும் படுக்கையும் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடந்தன. நம் திண்ணைப் பள்ளி வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். இங்கே ஸ்லீவ் லூக்ரா வட்டாரத்தில் பிறந்த கவிஞர் ஓவன் ரூவா ஓ சூலவானும் அப்படி ஒரு வாத்தியாராக இருந்தவரே.

1831இல் அரசு தேசியப் பள்ளிகளைத் தொடங்கிய பின் இவை மெல்ல மறைந்தன. எஞ்சிய நினைவுகளை 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பேடுகள் காத்துவைத்திருக்கின்றன. இன்று அவற்றை இணையத்தில் படிக்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் தம் தாயார் சிறுமியாக இருந்தபோது மசியில் எழுதிய பக்கத்தைத் திரையில் காட்டினார். அதன்படி பள்ளி நடந்தது அவருடைய வயல் மூலையில். எதிர்வீட்டுக்காரர் இதை ஏற்கவில்லை, அது ஓடைக்கு அப்பாலுள்ள தம் நிலத்தில்தான் இருந்ததாம். வாத்தியார் இடம் மாறிக்கொண்டேயிருந்தவர் என்பதால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாமே என்றேன். இருவருக்குமே அது பிடிக்கவில்லை.