தொட்டியில் 23 நிமிடம்

அக்கா மகள் இங்கே சேலத்தில்தான் கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ரியாக்டர் டிசைன், அதாவது வேதிவினை நடக்கும் கலன்களை வடிவமைக்கும் பாடத்தில் தேர்வு வருகிறது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு நோட்டுடன் வந்திருந்தாள். அதில் ஒரு பக்கம் முழுவதும் கட்டம் போட்டு, பேட்ச் ரியாக்டர், கலக்கித் தொட்டி, குழாய் ரியாக்டர், வினையூக்கி நிரப்பிய ரியாக்டர் என்ற நான்கிற்கும் நான்கு வாய்பாடுகளைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். "நாலையும் மனப்பாடம் பண்ணிட்டேன் மாமா. ஆனா கணக்குல எதை எங்க போடறதுன்னுதான் குழம்புது" என்றாள். அதே குழப்பத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். ஆலையில் அதற்கு உரிய பலனையும் அனுபவித்தேன். அவளுக்கு அன்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு வாய்பாடுகளையும் மனத்தில் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ஓர் எல்லையை வரைந்துகொண்டு, அந்த எல்லைக்குள் நுழையும் மோல்களிலிருந்து (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு) வெளியேறும் மோல்களைக் கழித்து, உள்ளே வினையால் உண்டாகும் மோல்களைக் கூட்டினால், உள்ளே சேர்ந்து தங்கும் மோல்கள் கிடைக்கும் என்ற ஒரே கணக்குதான் எல்லாவற்றிற்கும் அடிப்படை. வினைபடு பொருளுக்கு இந்தக் கணக்கை எழுதும்போது, அது உண்டாகாமல் அழிவதால், மூன்றாம் உறுப்பு குறைக்குறி பெறும், அவ்வளவே.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதும் அன்று. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு வந்தால் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். கிழங்கை அரைத்து, வடிகட்டி, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்ட பிறகு, அடியில் படிந்த மாவு, திப்பியோடு (சக்கையோடு) ஒட்டிக்கொண்டு போன மாவு, கழிவுநீரோடு போன மாவு ஆகிய மூன்றையும் கூட்டினால் கிழங்கோடு உள்ளே வந்த மாவு வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எங்கோ அளவு பிசகியிருக்கிறது. இங்கே வினை எதுவும் இல்லாததால் கிலோவிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

வினை நடக்கும் இடத்தில் ஒவ்வொரு பொருளையும் கிலோவில் மட்டும் பின்தொடர்ந்தால் கணக்கின் உருவம் கண்ணுக்குத் தெரியாது. நகரத்திற்கு வடக்கே சுண்ணாம்புக்கரட்டில் வெட்டப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சூளைக்குள் 1,000 கிலோ போனால், அது முழுவதும் தூய மேக்னீசியம் கார்பனேட்டாக இருந்து முழுவதும் வெந்தாலும், 478 கிலோ மேக்னீசியாதான் (மேக்னீசியம் ஆக்சைடு) வெளியே வரும். மீதி 522 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். கிலோவில் பார்ப்பவருக்குப் பாதிக்கு மேல் காணாமல் போனதாகத் தோன்றும். மோலில் பார்த்தால் ஒரு மோல் கார்பனேட் போனது, ஒரு மோல் ஆக்சைடும் ஒரு மோல் வாயுவும் வந்தன. வினை எப்போதும் எண்ணிக்கையில்தான் நடக்கிறது. அதனால்தான் ரியாக்டர் கணக்கு மோலில் தொடங்குகிறது.

இனி அந்த ஒற்றைக் கணக்கிலிருந்து நான்கும் எப்படிப் பிரிகின்றன என்று பார்க்கலாம். பேட்ச் ரியாக்டரில் மூடியை மூடிவிட்டால் நுழைவும் இல்லை, வெளியேற்றமும் இல்லை; அந்த இரண்டு உறுப்புகளும் விழுந்துவிட, மீதியிருப்பது நேரத்தைச் சார்ந்த ஒரு சமன்பாடு. தொடர்ந்து ஓடும் கலக்கித் தொட்டியில், ஓட்டம் நிலைத்த பிறகு, தேக்கம் பூஜ்யமாகிறது. தொட்டி முழுவதும் நன்றாகக் கலந்திருப்பதால் வினைவேகம் எங்கும் ஒன்றே. குழாய் ரியாக்டரில் நிலைமை இடத்திற்கு இடம் மாறுவதால் குழாய் முழுவதையும் எல்லையாகக் கொள்ள முடியாது. வெள்ளரிக்காய் வில்லை போல ஒரு மெல்லிய துண்டை எடுத்து அதற்குக் கணக்கு எழுதி, பிறகு துண்டுகளையெல்லாம் தொகையிட வேண்டும். வினையூக்கி நிரப்பிய ரியாக்டரும் அதேதான். வினை நடப்பது வினையூக்கியின் மேற்பரப்பில் என்பதால் லிட்டருக்குப் பதிலாக வினையூக்கியின் கிலோ வருகிறது.

இவற்றில் கலக்கித் தொட்டி பற்றிய வரியில் ஒன்று மறைந்திருக்கிறது. தொட்டி முழுவதும் ஒரே கலவை என்றால், வெளியேறும் குழாயில் இருப்பதும் அதே கலவைதான். வினைபடு பொருளில் 90 விழுக்காடு மாற்றம் வேண்டுமென்று நாம் கேட்டால், தொட்டி முழுவதுமே 90 விழுக்காடு தீர்ந்துபோன, நீர்த்த, வேகம் குறைந்த நிலையில்தான் நாள் முழுவதும் வேலை செய்யும். புதிதாக உள்ளே வரும் செறிவான கரைசல் நுழைந்த கணத்திலேயே அந்த மந்த நிலையில் கரைந்துவிடும். பாடமாகப் படிக்கும்போது இது ஒரு வரி. நான் அதைப் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய ஆலையில், நீரில் நடக்கும் ஒரு முதல் வகை வினையை, அதாவது செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் அமையும் வினையைப் பேட்ச்சிலிருந்து தொடர் ஓட்டத்திற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஆய்வகத்தில் பார்த்த வினைவேக மாறிலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.1. பேட்ச்சில் 90 விழுக்காடு மாற்றத்திற்கு 23 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது; சமன்பாட்டிலும் சரியாக அதுவே வந்தது. ஓட்டம் நிமிடத்திற்கு 20 லிட்டர். இருபதை இருபத்து மூன்றால் பெருக்கி, 460 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று, ஏஜிடேட்டருடன் (கலக்கும் துடுப்புடன்), போதும் என்று எழுதிக் கொடுத்தேன். தொட்டி வந்தது, பொருத்தினோம், ஓட்டினோம். வெளியேறும் கரைசலை டைட்ரேஷன் செய்து பார்த்தால் மாற்றம் 70 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வெப்பநிலையைச் சந்தேகப்பட்டோம், மூலப்பொருளைச் சந்தேகப்பட்டோம், ஏஜிடேட்டரின் வேகத்தை ஏற்றினோம், எண் அசையவில்லை. மூன்றாம் நாள் இரவு மோல் கணக்கை முதலிலிருந்து எழுதியபோதுதான் தவறு என் தாளில் இருப்பது தெரிந்தது. மாறிலியையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் 2.3, கலக்கித் தொட்டிக்கு அந்த 2.3-ஐ, அதோடு ஒன்றைக் கூட்டிய 3.3-ஆல் வகுத்தால் 0.70. தொட்டி தனக்கு விதித்ததைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

சராசரியாக 23 நிமிடம் தங்குவதும், ஒவ்வொரு துளியும் 23 நிமிடம் தங்குவதும் ஒன்றன்று என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆகவே அவளைப் பின்கட்டிற்கு அழைத்துப்போய், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்துக் குழாயை நிமிடத்திற்கு நான்கு லிட்டர் அளவில் திறந்துவிட்டேன். பக்கெட் நிறைந்து வழியத் தொடங்கியதும், துடுப்பால் கலக்கிக்கொண்டே, சொட்டு நீலம் ஒரு மூடி ஊற்றச் சொன்னேன். ஊற்றிய மறுகணமே விளிம்பில் வழியும் நீரில் நீலம் தெரிந்தது. சராசரித் தங்கும் நேரம் ஐந்து நிமிடம். ஆனால் முதல் அரை நிமிடத்திற்குள்ளேயே ஊற்றிய நீலத்தில் 9.5 விழுக்காடு கல்லின் மேல் ஓடிவிட்டிருக்கும். ஐந்து நிமிட முடிவில் 63 விழுக்காடு போயிருக்கும். பதினைந்து நிமிடம் கழித்தும் 5 விழுக்காடு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கெட்டின் அடியில் அந்த வெளிர்நீலத்தை அவளே குனிந்து பார்த்தாள். "அப்ப சீக்கிரம் போனது வேகாம போயிடும், லேட்டா இருக்கிறது சும்மா இருக்கும்" என்றாள். வினைவகையும் மாறிலியும் இல்லாமல் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாடத்தின் பாதி இருக்கிறது.

உள்ளே வந்து அதே எண்களை வைத்துக் கணக்குப் போட்டோம். 90 விழுக்காட்டிற்கு ஒற்றைக் கலக்கித் தொட்டி 1,800 லிட்டர் கேட்கிறது. குழாய் ரியாக்டருக்கு 460 லிட்டர் போதும். குழாயில் ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னே போவதோடும் பின்னே வருவதோடும் கலக்காமல் ஒரு சிறிய பேட்ச் போல நகர்வதால் பேட்ச்சின் 23 நிமிடம் அங்கே அப்படியே பொருந்துகிறது. நான் எழுதிக் கொடுத்தது குழாயின் கொள்ளளவு, வாங்கியது தொட்டி.

இதை ஒரே பார்வையில் காட்டுவதற்கு ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயரால் வழங்கும் வரைபடத்தைப் போல வேறொன்று இல்லை. கிடையச்சில் மாற்ற விகிதம், செங்குத்தச்சில் வினைவேகத்தின் தலைகீழி, அதாவது ஒன்றை வேகத்தால் வகுத்தது, நுழையும் மோல் ஓட்டத்தால் பெருக்கப்பட்டு. வேகம் குறையக் குறைய வளைகோடு மேலேறும். குழாய்க்கு வேண்டிய கொள்ளளவு அந்தக் கோட்டின் கீழுள்ள பரப்பு. கலக்கித் தொட்டிக்கு வேண்டியது, இறுதி உயரத்தையே முழு அகலத்திற்கும் இழுத்த செவ்வகத்தின் பரப்பு. கோட்டிற்கு மேலே செவ்வகத்தில் மிஞ்சும் பெரிய முக்கோணம் போன்ற பகுதிதான் நாம் வீணாக வாங்கும் எஃகு. செவ்வகத்தைப் படிக்கட்டாக உடைத்தால் அந்த வீண் குறைகிறது. சமமான இரண்டு தொட்டிகளைத் தொடராக வைத்தால் மொத்தம் 865 லிட்டர், மூன்று வைத்தால் 693, பத்து வைத்தால் 518; எண்ணிக்கை கூடக் கூட 460-ஐ நெருங்கும். ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் மோட்டார், சீல், வால்வு, இணைப்பு எல்லாம் தனித்தனியே வேண்டும் என்பதால் மூன்று நான்கிற்கு மேல் வைப்பதில் பெரும்பாலும் பயனில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஆலையில் என்ன செய்தோம் என்று அவள் கேட்டாள். பழைய தொட்டிக்குப் பின்னால் அதே அளவில் இன்னொன்றை வைத்தோம். இரண்டும் சேர்ந்து 920 லிட்டர். மாற்றம் கணக்குப்படி 90.8 விழுக்காடு. டைட்ரேஷனில் 90 வந்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்படியானால் எப்போதும் குழாய்தானே நல்லது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வளைகோடு எப்போதும் மேலேயே ஏறினால்தான் அது சரி. தயிரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றாமல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது நல்ல தயிராகாது. உறையில் உள்ள நுண்ணுயிர் பெருகப் பெருக வேகம் கூடுகிறது, பிறகு லாக்டோஸ் குறைந்து புளிப்பு ஏறிய நிலையில் வேகம் தணிகிறது. இப்படிப்பட்ட வினையில் தலைகீழியின் கோடு முதலில் இறங்கிப் பிறகு ஏறும். உறையில்லாத பாலைக் குழாயில் எவ்வளவு நீளம் ஓட்டினாலும் பால் பாலாகவே வெளியே வரும். கலக்கித் தொட்டியிலோ உள்ளேயிருக்கும் தயிரே புதிதாக வரும் பாலுக்கு உறையாகிறது. முன்பு குறையாகத் தெரிந்த அந்தக் கலப்பு இங்கே உயிராகிறது. கோடு அடிமட்டத்தைத் தொடும் வரை தொட்டியும், அதற்குப் பின் குழாயும் வைப்பதே மிகக் குறைந்த கொள்ளளவைத் தரும். வெப்பத்தை வெளிவிடும் வினைகளைக் குளிர்விக்காமல் நடத்தும்போதும் சூடு ஏறுவதால் இதே வடிவம் வரும்.

இது சேலத்திற்கு வெறும் உவமை அன்று. சேகோ ஆலைகளின் கழிவுநீரில் உள்ள மாவும் சர்க்கரையும் திறந்த வாய்க்காலில் புளித்துத்தான் அந்த நாற்றம் வருகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளில் பல ஆலைகள் அந்த நீரை மூடிய தொட்டிகளில் காற்றில்லாமல் செரிக்கவிட்டு எரிவாயு எடுக்கின்றன. எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதற்கும் மோல் கணக்கே உச்சவரம்பைச் சொல்கிறது. மாவுச்சத்தின் ஒரு மோல் அலகு 162 கிராம். அது நீரோடு சேர்ந்து ஒரு மோல் குளுக்கோஸாகி, முழுவதும் செரித்தால் மூன்று மோல் மீத்தேனும் மூன்று மோல் கார்பன் டை ஆக்சைடும் தரும். ஒரு கிலோ மாவுக்கு, பூஜ்யம் டிகிரி செல்சியஸிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும், 415 லிட்டர் மீத்தேன். அதற்கு மேல் தருகிறேன் என்று எந்த இயந்திரத்தை யார் காட்டினாலும் வாங்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அவள் தானாகவே நோட்டை இழுத்துத் தொட்டியைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் எல்லை வரைந்தாள். சர்க்கரைக்கு ஒரு கணக்கு, நுண்ணுயிருக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். நுண்ணுயிருக்கு: நுழைவது பூஜ்யம், நிலைத்த ஓட்டத்தில் தேக்கமும் பூஜ்யம், எனவே வளர்வதும் வழிந்து போவதும் சமமாக இருக்க வேண்டும். "அதுக வளர்றதைவிட வேகமா தண்ணிய விட்டா?" என்றாள். தொட்டியிலிருந்து நுண்ணுயிர் முழுவதும் கழுவிக்கொண்டு போய்விடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் இரட்டிப்பாவதற்கு நாள் கணக்கில் ஆவதால், சாதாரணக் கலக்கித் தொட்டியில் நீரையும் அத்தனை நாள் தேக்கி வைத்தாக வேண்டும். அதற்கு ஏரி போலத் தொட்டி வேண்டும்.

நெதர்லாந்தில் 1970களில் லெட்டிங்கா குழுவினர் உருவாக்கிய முறையில் நீர் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. நுண்ணுயிர்கள் கடுகுபோல் மணிமணியாகத் திரண்டு, எடை காரணமாக அடியிலேயே தங்கிவிடுகின்றன. நீர் சில மணி நேரத்தில் வெளியேறும். சேறு வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். கணக்கில் மாறியது வெளியேறும் உறுப்பு ஒன்றுதான் என்று சொல்லி, அதை எப்படி எழுதுவாய் என்று கேட்டேன். சிவப்பு மை வாய்பாடுகள் இருந்த பக்கத்தைத் திருப்பிவிட்டு, புதிய பக்கத்தில் நுழைவது, வெளியேறுவது, உண்டாவது, தங்குவது என்று நான்கு சொற்களையும் எழுதி, இரண்டாவதன் கீழ் "மணியாகத் திரளாதவை மட்டும்" என்று எழுதினாள்.