சல்யான்னு அடிச்சா வந்துடும்

ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு உறுப்பினர் பெயரைத் தேடும் படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன். பிஹெச்பி மொழி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். மொத்தமே முப்பது நாற்பது வரி. சில மாதம் கழித்து போன் வந்தது: "சில பேருக்கு மட்டும் வரல."

இதைவிட மோசமான புகார் கிடையாது. யாருக்குமே வரவில்லை என்றால் அரை மணி நேர வேலை. சில பேருக்கு மட்டும் என்றால் நேரில் போய் உட்கார வேண்டியதுதான்.

போனேன். வழக்கமான சந்தேகங்களை முதலில் தீர்த்தேன். படிவத்தில் உள்ள பெட்டிக்கு வைத்த பெயரும், அதில் அடித்ததை நிரல் வாங்கும் பெயரும் ஒன்றுதான். முன்னும் பின்னும் ஸ்பேஸ் இல்லை. கனெக்‌ஷனின் கேரக்டர் செட், தமிழைச் சரியாகக் கொண்டுபோகும் யூடிஎஃப்8எம்பி4. தேடும் கட்டளையான குவெரியை அப்படியே எடுத்து டேட்டாபேஸில் நேராக ஓட்டினேன். கௌரி என்று நான் அடித்தால் பூஜ்யம். டேபிளில் இருந்த கௌரியை காப்பி செய்து ஒட்டினால் வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கவுன்டரில் இருந்த அக்கா ஒரு நோட்டை நீட்டினார். "வராத பேரெல்லாம் எழுதி வச்சிருக்கேன் தம்பி." கௌரி, கௌசல்யா, சௌந்தரராஜன், நௌஷாத். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்ததும்தான் உறைத்தது. எல்லாம் ஔகாரம்.

பெயரின் நீளத்தை லென்த் போட்டுப் பார்த்தேன். நான் அடித்த பெயர் 12 பைட், டேபிளில் இருப்பது 15. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆக, அங்கே ஒன்று கூடுதல். பழைய பதிவுகள், யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் 'கௌ' வேண்டுமென்றால் ஒற்றைக் கொம்பு, க, ள என்று மூன்று விசை. யுனிகோடுக்கு மாற்றியவர்கள் அந்த ளகரத்தை ளகரமாகவே விட்டுவிட்டார்கள். யுனிகோடிலோ ஔகாரக் குறி தனி எழுத்து. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசர் போட்டாலும் சேராது; அதற்கு ள என்றால் ளதான். கௌரிக்கு 4 குறியீடு, கெளரிக்கு 5.

அவசரப்பட்டு, கொம்பும் ளவும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்ற ஒரு அப்டேட் ஓட்டினேன். நல்லவேளை, டேபிளின் நகலில். வெள்ளைச்சாமி வௌ்ளைச்சாமி ஆகிவிட்டார். பெரியநாயகியையும் முருகேசனையும் மட்டும் வைத்து டெஸ்ட் செய்திருந்தால் அப்படியே லைவுக்குப் போயிருக்கும்.

பிறகு பெயர்களைத் தொடாமல், தேடலுக்கென்று டேபிளில் தனி நெடுவரிசை ஒன்று சேர்த்தேன். அதில் கொம்புக்குப் பின் ள வரும் இடத்துக்கு ஒரு விதி: ளவுக்குப் பின் புள்ளியோ உயிர்மெய்க் குறியோ வந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் ஔகாரமாக்கு. பயனர் அடிக்கும் சொல்லுக்கும் அதே விதி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறுவதால், விதி எங்காவது தவறினாலும் முழுப் பெயரை அடித்தால் தேடல் தவறாது.

கிளம்பும்போது கேட்டேன், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று.

"முதல் எழுத்த விட்டுட்டு அடிப்பேன். சல்யான்னு போட்டா கௌசல்யா வந்துடும். தரராஜன்னா சௌந்தரராஜன். கௌரிதான் கஷ்டம். ரின்னு போட்டா பாதி ஊரே வரும்."

பெயரின் நடுவில் இருந்தாலும் கண்டுபிடிக்கட்டும் என்று லைக் குவெரியில் இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டவன் நான். அதை வைத்து இப்படியொரு வழி கண்டுபிடித்தவர் அவர். அடுத்த முறை போனபோது எட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியான பிறகும் பெட்டியில் 'சல்யா' என்றுதான் அடித்துக்கொண்டிருந்தார்.