திருநெல்வேலியிலிருந்து டாலஸுக்கு: அப்பா அம்மாவுக்கு மைல்ஸில் போட்ட பிசினஸ் கிளாஸ்

டாலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலரிடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்ஸ், அதாவது டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள், கொஞ்சமாவது சேர்ந்து கிடக்கும். இங்கே எங்கே பறந்தாலும் பெரும்பாலும் அந்த விமானம்தான், கடையில் நீட்டும் கிரெடிட் கார்டும் பலருக்கு அந்த நிறுவனத்துடையதுதான். சேர்ந்த மைல்ஸ் கடைசியில் ஆர்லாண்டோவுக்கோ லாஸ் வேகஸுக்கோ எகானமி டிக்கெட்டாகக் கரைந்துவிடும். அதே மைல்ஸைக் கத்தார் ஏர்வேஸில் செலவழித்து, ஊரிலிருந்து பெற்றோரைப் படுக்கை சீட்டில் அழைத்து வரலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை. நான் அப்படி அழைத்து வந்தேன். எப்படி என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு நிறுவனங்களும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கின்றன, அதனால் ஒன்றின் மைல்ஸை இன்னொன்றில் செலவழிக்கலாம். கூட்டணி 1999-இல் தொடங்கியது, கத்தார் 2013-இல் சேர்ந்தது. அமெரிக்கன் தன் சொந்த விமானங்களுக்குக் கேட்கும் மைல்ஸ், நாளுக்கும் கிராக்கிக்கும் தக்கபடி ஏறி இறங்கும். கூட்டாளி விமானங்களுக்கோ நிலையான விலைப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் இந்தியத் துணைக்கண்டம், மத்தியக் கிழக்கு மண்டலத்துக்கும் இடையே பிசினஸ் கிளாஸ் ஒரு வழிக்கு 70,000 மைல்ஸ். நான் போட்டபோதும் அதே விலைதான். தோஹாவிலிருந்து ஏறினாலும், சென்னை, கொச்சி, கொழும்பு என்று எங்கிருந்து ஏறி தோஹாவில் மாறினாலும் அதே 70,000. இந்த ஒரு விதியில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்று, கத்தார் விமானத்தை அமெரிக்கன் மைல்ஸில் போட்டால் விமான நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் சேராது. அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும்தான். அதே தேடலில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வழியாக லண்டன் சுற்றி வரும் பயணங்களும் வரிசையாக வந்து நிற்கும். மைல்ஸ் அதே அளவுதான், ஆனால் பக்கத்தில் இருக்கும் டாலர் தொகை நூற்றுக்கணக்கில் இருக்கும். "மைல்ஸில் போட்டும் இவ்வளவு காசா" என்று நொந்துகொண்டு பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இன்னும் கீழே போய்ப் பாருங்கள்.

பிசினஸ் கிளாஸைப் பற்றி ஷாம்பெயின், பைஜாமா என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. நானும் மனைவியும் இன்றைக்கும் எகானமியில்தான் ஊருக்குப் போய் வருகிறோம். ஆனால் தோஹாவிலிருந்து டாலஸ் கிட்டத்தட்ட 16 மணி நேரம். அப்பாவுக்கு மூட்டு வலி, அம்மாவுக்குக் கால் வீங்கிக்கொள்ளும். அவ்வளவு நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார முடியாது என்பதாலேயே வருவதைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். மைல்ஸை எங்கே செலவழித்தால் அதற்கு உண்மையான மதிப்பு என்று கேட்டால், என் பதில் வயதானவர்களின் நீண்ட பயணம்தான்.

இரண்டு பேருக்கு ஒரு வழி 1,40,000 மைல்ஸ். என் கணக்கில் அவ்வளவு இல்லை. மனைவியின் கணக்கில், புதிதாகக் கார்டு வாங்கியதற்குத் தரும் வரவேற்பு போனஸ் மைல்ஸ் வந்து சேர்ந்திருந்தது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மைல்ஸ் மாற்றலாம், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு, கட்டுப்படியாகாது. மாற்றவும் தேவையில்லை. ஒருவருடைய மைல்ஸில் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம். அப்பாவுக்கு என் கணக்கிலிருந்தும் அம்மாவுக்கு மனைவியின் கணக்கிலிருந்தும் போட முடிவு செய்தோம். கார்டு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம். வட்டி கட்டிச் சேர்த்த மைல்ஸ் எந்த டிக்கெட்டையும்விட விலை அதிகம். ஏற்கெனவே சேர்த்தவர்கள், 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மைல்ஸ் காலாவதியாகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, சீட் வேட்டைக்கு வருவோம். விலை நிலையானது என்பதற்காகச் சீட் கிடைத்துவிடாது. காலியாக இருக்கும் எல்லா பிசினஸ் சீட்டையும் கத்தார் கூட்டாளிகளுக்குத் தருவதில்லை. கொஞ்சம் மட்டும் ஒதுக்குவார்கள். அது முன்பதிவுக்கு அட்டவணை திறக்கும் சமயத்திலும், புறப்படுவதற்கு முந்தைய சில வாரங்களிலும்தான் அதிகம் கண்ணில் படும். நடுவில் பல மாதங்கள் பாலைவனம்தான். அமெரிக்கன் தளத்தில் 331 நாள் முன்பிருந்துதான் போட முடியும். கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏவியோஸ் என்ற தங்கள் சொந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் உறுப்பினர்களுக்கு அதற்கும் முன்பே திறந்துவிடுகின்றன. அதாவது நமக்குக் கதவு திறக்கும்போது உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கும். டிசம்பர், பள்ளி விடுமுறை மாதங்களில் சொல்லவே வேண்டாம். வயதானவர்களுக்குப் பள்ளி விடுமுறையும் இல்லை, ஆபீஸ் லீவும் இல்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து டாலஸ் என்று முழுப் பயணத்தையும் ஒரே தேடலில் போட்டுப் பார்த்து, இல்லை என்றதும் மூடிவிடக் கூடாது. முதலில் கடினமான துண்டைத் தேடுங்கள்: தோஹா – டாலஸ் மட்டும். கிடைக்கவில்லையா, தோஹா – ஹூஸ்டன். ஹூஸ்டனில் இறங்கினால் காரில் நான்கு மணி நேரம், நாமே போய்க் கூட்டி வந்துவிடலாம். சிகாகோ, பிலடெல்பியா என்றால் அங்கிருந்து டாலஸுக்கு அமெரிக்கன் உள்நாட்டு விமானத்தை அதே 70,000-க்குள் சேர்க்கலாம், அதிலும் மைல்ஸ் சீட் திறந்திருக்க வேண்டும். ஆனால் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட்டு, இன்னொரு விமானம் ஏறுவது அப்பாவுக்கு ஒத்து வராது என்பதால் அந்த வழியை நான் எடுக்கவில்லை.

நீளத் துண்டு கிடைத்த பிறகு குட்டித் துண்டு. முதலில் சொன்ன மண்டல விதி இங்கேதான் கைகொடுத்தது. நான் சென்னை – தோஹா மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தோதான தேதிகளில் அதில் பிசினஸ் சீட் இல்லை. அப்போது மனைவிதான் கேட்டாள், "மாமாவும் அத்தையும் எதுக்கு சென்னைக்கு வரணும்?" திருநெல்வேலியிலிருந்து சென்னை ஒரு முழு இரவு ரயில். திருவனந்தபுரம் காரில் நான்கு மணி நேரம்கூட இல்லை, அங்கிருந்தும் கத்தார் பறக்கிறது. தேடினேன், இரண்டு சீட் இருந்தது. விலை அதே 70,000. நாகர்கோவில், தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவைக்காரர்களுக்குக் கொச்சி இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு. தேதியை இழுத்துப் பார்ப்பதைவிட ஊரை மாற்றிப் பார்ப்பது பல நேரம் வேலை செய்கிறது.

தேடும்போது பயணிகள் எண்ணிக்கை இரண்டு என்று வைத்துத் தேடுங்கள். ஒன்று என்று வைத்தால், ஒரே ஒரு சீட் இருக்கும் நாளும் பச்சையாகக் காட்டும், அப்புறம் அப்பா ஒரு நாள் அம்மா ஒரு நாள் என்று ஆகிவிடும். இரண்டு இருப்பது உறுதியானதும், நான் ஒரு கணினியிலும் மனைவி இன்னொன்றிலும் உட்கார்ந்து, தலைக்கு ஒன்றாக ஒரே சமயத்தில் போட்டோம். ஒன்று தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. அமெரிக்கன் மைல்ஸ் டிக்கெட்டைப் புறப்படும் முன் ரத்து செய்தால் மைல்ஸும் வரியும் கட்டணமில்லாமல் திரும்பி வந்துவிடும். இந்தச் சலுகையை நம்பித்தான், சுமாரான ஒரு தேதியை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல தேதிக்குத் தேடினேன். நல்லது கிடைத்ததும் பழையதை விட்டுவிட்டேன்.

பணம் கட்டும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சில முடிவுகளில் 70,000 பிசினஸ் என்று இருக்கும், பக்கத்தில் கலப்பு வகுப்பு என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. திறந்து பார்த்தால் நாலரை மணி நேர விமானம் பிசினஸ், 16 மணி நேர விமானம் எகானமி. மைல்ஸ் என்னவோ முழு பிசினஸுக்குத்தான் கழியும். ஒவ்வொரு துண்டையும் விரித்து வகுப்பைப் பாருங்கள். விமான வகையையும் அப்படியே பார்த்துவிடலாம். கியூஸூட் என்ற, கதவு வைத்த அந்தப் பேர்பெற்ற பிசினஸ் சீட் எல்லா கத்தார் விமானத்திலும் கிடையாது. உதாரணமாக போயிங் 787-8 விமானத்தில் இல்லை. அதன் பழைய சீட்டும் முழுதாகப் படுக்கையாகும், அதனால் நான் அதற்காக மெனக்கெடவில்லை.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது, அவருக்குச் சிக்கல் இல்லை. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. இனிஷியலோடு வாழ்ந்த தலைமுறை, வேறெப்படி இருக்கும்? இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது. நான் விசாவில் உள்ளபடியே போட்டேன்: முதல் பெயரில் எஃப்.என்.யூ., கடைசிப் பெயரில் அவர் பெயர். தாத்தா பெயரையோ ஊர்ப் பெயரையோ இட்டு நிரப்பாதீர்கள். ஒரு நிறுவனம் வழங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கும் டிக்கெட்டில் பின்னால் பெயர் திருத்துவது எளிதல்ல. ரத்து செய்து மறுபடி போடலாமென்றால் அதற்குள் சீட் போயிருக்கும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு விஷயம். ஒன்று, 13 இலக்க டிக்கெட் எண் வந்துவிட்டதா என்று பார்ப்பது. அமெரிக்கன் வழங்கியது என்றால் 001 என்று தொடங்கும். அந்த எண் வராதவரை அது பதிவு மட்டும்தான், டிக்கெட் இல்லை. இரண்டு, கத்தாரின் பி.என்.ஆர்., அதாவது பதிவுக் குறியீடு, வேறாக இருக்கும். அமெரிக்கன் தரும் ஆறெழுத்தைக் கத்தார் தளத்தில் போட்டால் திறக்காமல் போகலாம். அமெரிக்கனை அழைத்து, கூட்டாளியின் குறியீடு வேண்டும் என்று கேட்டால் சொல்வார்கள். அதே அழைப்பில், இவர்கள் தம்பதி, தனித்தனிப் பதிவு என்று இரண்டையும் குறிப்பால் இணைக்கச் சொல்லிவிட்டேன்.

கத்தார் பி.என்.ஆர். கிடைத்தபின் மற்றதெல்லாம் சுலபம். நடுவில் இருக்கும் ஜோடி சீட்டை எடுத்தேன், இடையில் உள்ள தடுப்பை இறக்கிவிடலாம். கியூஸூட்டில் பாதி சீட்டுகள் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும், தலைசுற்றல் உள்ளவர்கள் கவனிக்கவும். சாப்பாட்டில் ஆசிய சைவம் என்று தேர்ந்தெடுத்தேன். வெறும் சைவம் என்று போட்டால் தயிர்கூட இல்லாத வீகன் தட்டு வந்து நிற்கக்கூடும். சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைத்தேன். பிசினஸில் போகிறவர்களுக்கு எதற்கு என்று அப்பா முறுக்கிக்கொண்டார். தோஹாவில் அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களுக்கு வாசலருகே தனியாக இன்னொரு சோதனை உண்டு, தூரமும் அதிகம். அந்த விமான நிலையத்து மஞ்சள் கரடிச் சிலைக்குப் பக்கத்திலிருந்து கடைசி வாசல் வரை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இணைப்பு நேரம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. மைல்ஸ் டிக்கெட் என்று யாரும் வேறு மாதிரி நடத்தவில்லை, லவுஞ்சுக்கும் விட்டார்கள். பெட்டி ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 32 கிலோ. அம்மா அதை முழுமையாகப் பயன்படுத்தினார். வடகமும் கருப்பட்டியும் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன.

அப்பா வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுல ஆச்சு?" வரி மட்டும்தான் என்றேன். நம்பவில்லை. அம்மா, நன்றாகத் தூங்கினேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பயணத்தை வேண்டுமென்றே தனியாக விட்டுவைத்திருந்தேன். இரு வழியாகப் போட்டாலும் இதில் தள்ளுபடி எதுவும் கிடையாது, ஒரு வழி ஒரு வழியாகப் போடுவதுதான் வசதி. அக்டோபரில் போவதாக ஏற்பாடு. இந்தத் தடவை டாலஸ் – தோஹா உடனே கிடைத்தது, திருவனந்தபுரம்தான் இல்லை. கொச்சிக்கு இருந்தது, போட்டு வைத்தேன். புறப்படச் சில வாரம் இருக்கும்போது திருவனந்தபுரம் திறந்தது, மாற்றிக்கொண்டேன். இப்போது இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட காலி. அடுத்து மாமனார் மாமியார் வர வேண்டும், அவர்களுக்குக் கும்பகோணம். திருச்சிக்குக் கத்தார் வருவதில்லை என்பதால் அவர்களுக்குச் சென்னைதான் வழி. அட்டவணை திறக்கும் நாளுக்கு நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம்.