விறகு பாய்லர் வாங்கி வைப்பவர்களுக்கு

விறகு எரித்துக் குளிக்க வெந்நீர் போடும் செம்பு பாய்லர் சரியாக வைத்தால் நெடுநாள் உழைக்கும். தப்பாக வைத்தால் ஒரே காலையில் ஓட்டை விழும். வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ வைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பாய்லரின் நடுவில் நெருப்புக் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். குழாயும் தகடும் சேரும் இடங்களில் ஈயத்தை உருக்கி ஒட்டிய பற்று. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் கலந்த பற்று 183-லேயே இளகத் தொடங்கும். தண்ணீர் சூழ்ந்திருக்கும் வரை தகடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. மட்டம் இறங்கி மேல் பற்று வெறுமையானால் சில நிமிடங்களில் கசிவு வந்துவிடும். அதனால் வாங்கும்போதே வெந்நீர்க் குழாய் மேல்பக்கம் உள்ளதாகப் பாருங்கள். புனலில் ஊற்றும் பச்சைத்தண்ணீர் உள்குழாய் வழியாக அடிக்குப் போகும். மேலே நிற்கும் வெந்நீர் அதே அளவு வெளியே வரும். ஒரு சொம்பு ஊற்றினால்தான் ஒரு சொம்பு கிடைக்கும், ஆகவே பாய்லர் காலியாகவே ஆகாது. அடியில் குழாய் உள்ளதில் பிடிக்கப் பிடிக்க மட்டம் இறங்கும். கங்கு இருக்கும்வரை, பிடித்த அளவை உடனுக்குடன் ஊற்றி நிரப்பிவிடுங்கள்.

மேல்தொட்டியிலிருந்து நேராக பைப் இழுத்து, வெந்நீர்க் குழாயை மூடி வைப்பது பெரிய ஆபத்து. இந்தத் தகடு அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. புனலையும் மூடியிலுள்ள ஆவித் துளையையும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

மாடியில் தட்டோட்டின் மேல் நேராக வைத்தால் சூட்டில் ஓடு விரிசல் விடும். செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி மேடை கட்டுங்கள். குழாய்க்கு அடியில் பக்கெட் நிற்க உயரம் வேண்டும். மூடிய குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும்.

நம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரைவிடத் தாழ்ந்த புகைபோக்கியில், சுவரில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே அமுக்கும். அந்தச் சுவருக்கு மேல் மூன்றடியாவது தூக்குங்கள், ஐப்பசி மழைக்கு முன் தொப்பி மாட்டுங்கள். கடல் காற்றில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு சீக்கிரம் பொத்துப்போகும். செலவானாலும் ஸ்டெயின்லெஸ் குழாய் போடுவதே மேல்.

விறகுக் கணக்கு எளிது. 40 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 70-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7,000 கிலோஜூல் வேண்டும். காய்ந்த சவுக்கு கிலோவுக்குச் சுமார் 15,000 தரும். பாதி புகையோடு போய்விடும். ஆக, ஒரு கிலோ. அதோடு 80 லிட்டர் பச்சைத்தண்ணீர் கலந்தால் 42 டிகிரியில் 120 லிட்டர், நான்கு பேர் தாராளமாகக் குளிக்கலாம். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன்மேல் வெந்நீர். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வரிசை மாறவே கூடாது.

விறகுத் தொட்டியில் (விறகுக் கடையில்) வாங்கும்போது இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரம் மொத்தென்று இருக்கும். ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படிந்து, பிறகு அதுவே தீப்பிடிக்கும். பற்றவைக்க கொட்டாங்குச்சி போதும். துறைமுகத்திலிருந்து வரும் பேக்கிங் மரத்தில் முத்திரையைப் பாருங்கள்: ‘ஹெச்.டி.’ (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, ஒதுக்குங்கள். பெயின்ட் அடித்த பழைய படகுப் பலகையும் ஆகாது. கரை ஒதுங்கிய கட்டையிலுள்ள உப்பு செம்பையும் இரும்புச் சல்லடையையும் அரித்துவிடும்.

போர் தண்ணீரா? உள்ளே உப்பு படியும். கொதிக்க வழக்கத்தைவிட நேரமானாலோ, உள்ளே படபடவென்று சத்தம் வந்தாலோ அதுதான் அடையாளம். வெதுவெதுப்பான நீரில் லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து இரண்டு மணி நேரம் விட்டு, மூன்று முறை அலசுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பற்றையே தின்றுவிடும். காரீயப் பற்று இருக்கக்கூடியதால் இந்த வெந்நீர் குளிக்க மட்டும். சமையலுக்கோ குடிக்கவோ வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது தண்ணீரை வடிக்கலாம். அதற்கு முன் சாம்பல் தட்டை வெளியே இழுத்து, உள்ளே ஒரு கங்குகூட இல்லை என்று பார்த்துவிடுங்கள். மேலே சாம்பல் மூடியிருந்தால் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.