192-ஐ நம்பி ஏமாந்த கதை

அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்தபோது வயது 51. எனக்கு இப்போது 46. அதனால் வருஷா வருஷம் ரத்தம் கொடுத்துக் கொழுப்புப் பார்த்துவிடுவேன். சீட்டு வந்ததும் என் கண் முதல் வரிக்குத்தான் போகும். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருக்கிறதா, சரி, மடித்துப் பீரோவில் வை. இந்த முறையும் 192.

காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டரம்மா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"192-ல 32 போனா எவ்வளவு?"

"160 மேடம்."

"அதுதான் உங்க நம்பர். 130-க்குள்ள இருக்கணும்."

32 என்பது எச்டிஎல், நல்ல கொழுப்பு. அதைக் கழித்தால் மிஞ்சுவது எல்லாமே ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய சரக்கு. என் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 104 என்று போட்டிருந்தது. அதைக் காட்டி வாதாடிப் பார்த்தேன். பல லேப்களில் எல்டிஎல்லை அளப்பதே இல்லையாம், கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்களாம்! 1972-ல் வந்த ஒரு சூத்திரம்: மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. என் டிரைகிளிசரைடு 280. அது ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது.

முந்தின ராத்திரி கல்யாண வீட்டுப் பிரியாணி என்று சாக்குச் சொன்னேன். 12 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு மறுபடி எடுத்தோம். டிரைகிளிசரைடு 251. பிரியாணி பாவம், அதன் மேல் தப்பில்லை.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. எட்டு வருஷமாக முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கி வந்திருக்கிறேன். கூடவே ஒரு நாளைக்கு ஆறு டீ, சர்க்கரை தூக்கலாக, மூன்று வேளையும் அரிசி. டிரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மாவுச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிரைகிளிசரைடு ஏறி, எச்டிஎல் இறங்கிக் கிடப்பது நம் ஊர்க்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிற ஜோடி என்றார் டாக்டர்.

அப்பா கதையைச் சொன்னதும் இன்னொரு சோதனை எழுதினார்: லைப்போபுரோட்டீன் ஏ, எல்டிஎல் மாதிரியே ஒரு கொழுப்புத் துகள். வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் போதும், ஏனென்றால் அது பரம்பரையாக வருவது. பட்டினி கிடந்தாலும் நடந்தாலும் பெரிதாக அசையாது. 50-க்கு மேல் போனால் கவலை, எனக்கு 72. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா விட்டுப்போன சொத்து.

"அதைக் குறைக்க முடியாது. குறைக்க முடிஞ்சதை நல்லாக் குறைப்போம்" என்று கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் 10 மாத்திரை எழுதினார். ஈரல் கெட்டுவிடும் என்று தெருவில் நாலு பேர் பயமுறுத்தினார்கள். ஈரல் சோதனை சரியாகவே இருந்தது. எட்டு வாரம் கழித்து எல்டிஎல் 61, டிரைகிளிசரைடு 160. எச்டிஎல் மட்டும் 36-ல் முக்கிக்கொண்டு நிற்கிறது. டீ இரண்டாகிவிட்டது, அதுவும் சர்க்கரை இல்லாமல். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியையும் எடுக்கச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தேன். நேற்று வாட்ஸப்பில் சீட்டை அனுப்பினான். கீழே, "மொத்தம் 188தான்ணே, நான் நார்மல்."

கழிச்சுப் பாருடா என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.